படுதாக்குளத்தில் ஒரு ஞானஸ்நானம்

1

போன வருடம் இதே நாளில் எடுத்தது என்று சொல்லி, இன்று காலை என் கைபேசி தானாகவே ஒரு படத்தைக் காட்டியது. நெஞ்சளவுத் தண்ணீரில், வெள்ளை அங்கியோடு ஒரு போதகர் நிற்கிறார். மூக்குக் கண்ணாடி கோணலாகத் தொங்குகிறது. தலையில் ஒரு முட்டைக்கோஸ் இலை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் என்னவென்று கேட்டாள். இவர் எங்கள் போதகர், இது என் தம்பியின் முட்டைக்கோஸ் தோட்டம், இது என் மகளின் ஞானஸ்நானம் என்று என்னால் முடிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் காய்கறி கழுவவும் பாதிரியார் வருவாரா?" என்றாள். இத்தனை வருடம் நியூசிலாந்தில் இருந்தும் என் ஆங்கிலத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

தமிழில் சொன்னால் உங்களுக்காவது புரியும். அதனால்தான் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

நான் மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை கிள்ள வந்தபோது, பெட்டியோடு சபையையும் தூக்கிக்கொண்டு வந்தது. கருங்கல் கோயில், மணி, ஆராதனை முறை அச்சடித்த புத்தகம், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், வாசலில் செருப்பு. எங்கள் சபையில் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். குழந்தை பிறந்தால் சில மாதத்தில் கோயிலுக்குத் தூக்கிப் போவோம். ஐயர் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார். அந்தக் குழந்தைக்காகப் பெற்றவர்களும் சபையாரும் வாக்குக் கொடுப்பார்கள்.

என் கணவர் பழனிச்சாமி பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்க்காரர். நெல்லும் தென்னையும் உள்ள இந்துக் குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது நண்பன் ஒருவன் கூட்டிப்போன ஜெபக்கூட்டத்தில் இயேசுவைக் கண்டுகொண்டார். தகரக் கொட்டகை, டிரம்ஸ், கைத்தட்டல், புத்தகமே இல்லாத ஜெபம். அந்தச் சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஆளாகி, தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுக முங்கி எழுந்தால்தான் கணக்கு. அவர் சித்தூர் ஆற்றில் முங்கி எழுந்தார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "என்ற பேர் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டாராம்.

அவர் முங்கிய அன்று அவருடைய அண்ணன் ஆறுச்சாமி ஆற்றங்கரைக்கு வந்தார். தென்னை மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். முழுக்கு முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. தம்பி மேல் உயிர். தேங்காயும் அரிசியும் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் சாமி விஷயம் என்று வந்தால் மட்டும் அண்ணன் வெளியே நின்றுவிடுவார். எங்கள் கல்யாணத்துக்கு மலையேறி வந்தவர், கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வெளியே மரத்தடியில் நின்றுவிட்டுப் பந்திக்கு மட்டும் வந்தார்.

என் மாமியார் வள்ளியம்மாள் மட்டும் உள்ளே வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயர் கல்யாணம் செய்து வைப்பார் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, "ஐயர வெச்சுத்தான் பண்றீங்களா? அப்பறம் என்ன கண்ணு, பேஷாப் பண்ணுங்க" என்று நிம்மதியாக வந்தவர் அவர். ஐயர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததும் கொஞ்சம் முழித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

3

இரண்டு சபைக்காரர்கள் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வதற்கே பஞ்சாயத்து நடக்கும்.

"ஏம்மிணி, அப்பங்கிட்டப் பேசறதுக்குக்கூட எழுதி வெச்சுப் படிக்கோணுமா?" என்பார் அவர்.

"உங்க பாஸ்டர் மட்டும் என்னவாம்? வாராவாரம் அதே ஜெபத்தைத்தான் பண்ணுதாரு. எழுதி வைக்கல, அம்புட்டுதான் வித்தியாசம்" என்பேன் நான்.

மகள் பிறந்தபோது இந்தப் பேச்சு விளையாட்டாக இல்லை. எனக்குக் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய் ஐயர் கையில் கொடுக்க வேண்டும். பழனிக்கு அது ஆகவே ஆகாது. பிள்ளையின் விசுவாசத்தை இன்னொருத்தர் சுமக்க முடியாது என்றார். பிள்ளையையே நாம்தானே சுமக்கிறோம், விசுவாசத்தைச் சுமந்தால் என்ன என்றேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். தெளிக்கவும் வேண்டாம், முழுக்கவும் வேண்டாம். வளர்ந்து அவளே சொல்லட்டும். பெயர் மட்டும் மாமியாருடைய பெயர். வள்ளியம்மாள், வீட்டில் வள்ளி.

நியூசிலாந்துக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளை அவரிடம் விட்டுக்கொடுத்தேன். இங்கே நாங்கள் இருக்கும் ஊரில் பழைய முறைச் சபை ஒன்று இருக்கிறது. அதில் என்னையும் நாலைந்து கிழவர்களையும் தவிர யாருமில்லை. அவர் பிடித்த சபையோ பழைய சோபாக் கடை ஒன்றில் நடக்கிறது. முதல் நாள் நான் பழக்க தோஷத்தில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். யாரோ என் செருப்பைக் காணாமல் போன பொருட்கள் பெட்டியில் பத்திரமாகப் போட்டுவிட்டார்கள். ஆராதனை முடிந்து நான் வெறுங்காலோடு கார் நிறுத்தும் இடமெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். கையில் காபிக் கோப்பையோடு பாஸ்டரும் சேர்ந்து தேடினார். இரண்டு கையிலும் பச்சை குத்திய, நல்ல மனிதர்.

நல்ல சபைதான். புகை விடுகிறார்கள், விளக்குகளைச் சுழற்றுகிறார்கள், பாட்டு நெஞ்சில் அதிர்கிறது. பிரசங்கம் திரையில் மூன்று தலைப்புகளில் வரும். உன் கனவு, உன் தைரியம், உன் அடுத்த படி. வீட்டுக்கு வரும்போது ஏதோ செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் விசுவாசப் பிரமாணம் சொல்ல மாட்டார்கள். பிதாவை விசுவாசிக்கிறேன், குமாரனை விசுவாசிக்கிறேன், பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன் என்று நான் வாய் திறந்து சொல்லி வளர்ந்தவள். அது இல்லாத ஞாயிறு எனக்கு உப்பில்லாத கஞ்சி. அதனால் வேலை நாட்களில் சமையலறையில் முட்டை வேகும்போது சொல்லிக்கொள்வேன். நிதானமாகச் சொல்லி, பரமண்டல ஜெபமும் இரண்டு தடவை சேர்த்துக்கொண்டால் அரைவேக்காடு சரியாக வரும்.

வள்ளி அந்தச் சோபாக் கடைச் சபையில்தான் வளர்ந்தாள். அங்கே குழந்தைகளுக்குத் தனி அறை, தனிப் பாட்டு, தனித் தின்பண்டம். தமிழ் அவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததால் ஒரு மாதிரி கலந்து கிடக்கிறது. அப்பாவைப் பார்த்து "ஏனுங்கப்பா" என்பாள், என்னைப் பார்த்து "என்னம்மா சொல்லுத" என்பாள். தமிழ் ஜெபப் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கும் பிள்ளை என்று நான் கைகழுவி விட்டிருந்தேன்.

4

அந்தப் படம் எடுப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில், இங்கே ஜூலை என்றால் குளிர்காலம், சாப்பாட்டு மேசையில் வள்ளி சொன்னாள்: "எனக்கு ஞானஸ்நானம் வேணும்."

பழனி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவள் பிறந்ததிலிருந்து அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. "நாளைக்கே பாஸ்டர்கிட்டச் சொல்லிப்போடறேன் சாமி" என்று எழுந்தே விட்டார்.

"இங்க வேண்டாம்ப்பா. அம்மா ஊர்ல. ஐயர் வெச்சு."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஒளிப்பானேன், உள்ளுக்குள் ஒரே குஷி. என்னுடைய கருங்கல் கோயில் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். ஏன் என்று பழனி மெதுவாகக் கேட்டார்.

அவள் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். "இங்க ஸ்டேஜ்ல தொட்டி வெப்பாங்க. வீடியோ போடுவாங்க. நான் மட்டும் மைக்ல பேசணும். எல்லாரும் கை தட்டுவாங்க, டீ-ஷர்ட் குடுப்பாங்க. அப்புறம் எல்லாரும் காபி குடிக்கப் போயிருவாங்க. அங்க போனப்போ ஒரு பாப்பாவுக்குக் குடுத்தாங்கல்ல? ஐயர் எல்லார்கிட்டயும் கேட்டாரு, இந்தப் பிள்ளைக்குத் துணை செய்வீங்களான்னு. எல்லாரும் சேர்ந்து செய்வோம்னு சொன்னாங்க. அந்தப் பாப்பா தூங்கிட்டு இருந்துச்சு. ஆனா எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அது வேணும்."

நான் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் பதில் அது. கொட்டாவி விட்டுக்கொண்டே நானும் எத்தனையோ குழந்தைகளுக்குச் 'செய்வோம்' சொல்லியிருக்கிறேன். அதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பழனி சமையலறைக்குப் போனார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் பேசினார்.

"தெளிக்கறதுன்னா என்னால முடியாது கண்ணு. அது உன்ற இஷ்டம், நான் தடுக்கல. ஆனா நான் உள்ள வரமாட்டேன். வெளிய நின்னுக்கறேன்."

"அப்பா வெளிய நின்னா நானும் வெளியதான்" என்றாள் வள்ளி. அவளும் அவர் பிள்ளைதானே.

என் குஷி அத்தோடு போயிற்று. மகள் ஆசைப்பட்டதே நடக்காது, நடந்தாலும் அப்பா இல்லாமல் நடக்கும். இரண்டும் எனக்கு வேண்டாம். அன்றைக்கு எனக்குக் கோபம் கூட வந்தது. சாமி விஷயத்தில் வெளியே நிற்பது இவர்கள் குடும்பத்துக்கே பரம்பரை வழக்கம் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

5

எங்கள் சபையின் இப்போதைய ஐயர் வயதில் என்னைவிடச் சின்னவர். மூணாறிலிருந்து காந்தலூர் வரை சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னச் சபைகளை ஒரு பழைய பைக்கில் சுற்றி வருகிறவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். உடனே ஒரு கடிதமும் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. பிள்ளைக்கு இதுவரைக்கும் எங்கேயும் ஞானஸ்நானம் ஆகலைன்னு அந்தச் சபையில இருந்து ஒரு கடிதம் வேணும். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை குடுத்தா என் சீட்டு கிழிஞ்சிரும்."

ஒரே ஞானஸ்நானம் என்பதில் பழைய சபை கறார். தெளித்ததோ முழுக்கியதோ, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஒரு தடவை ஆனால் ஆனதுதான். பழனியின் ஆற்று முழுக்கைக்கூட ஐயர்மார் யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை.

கடிதத்துக்காகச் சோபாக் கடைச் சபையின் அலுவலகத்துக்கு எழுதினேன். கம்ப்யூட்டர் பதில் அனுப்பியது. அடுத்த படி எடுத்து வைத்ததற்கு வாழ்த்துகள், உங்கள் டீ-ஷர்ட் அளவு என்ன? திரும்பவும் விவரமாக எழுதினேன். டீ-ஷர்ட் அளவை இன்னும் தெரிவிக்கவில்லை என்று ஞாபகப்படுத்தியது. அங்கே உறுப்பினர் பதிவேடு என்ற ஒன்றே கிடையாதாம், எல்லாரும் குடும்பமாம். கடைசியில் பச்சை குத்திய பாஸ்டரே வீட்டுக்கு வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் உங்கள் பாதிரியாருக்காக நான் ஜெபிக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த சில்லறை மனத்தாங்கல் எல்லாம் அன்றைக்கே போய்விட்டது.

டிசம்பரில் வள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டது. மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் சித்தூர். மாமியாரால் இனி மலையேற முடியாது, அவரை வீட்டிலேயே பார்த்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டோம். வள்ளி தன் பெரியப்பா ஆறுச்சாமியிடம் போய் நேராகச் சொன்னாள்: "பெரியப்பா, எனக்கு ஞானஸ்நானம். நீங்க வரணும்." பழனி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"நானெல்லாம் எதுக்கு சாமி? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே" என்றார்.

"தெரிய வேண்டாம். நின்னாப் போதும்."

"நிக்கறதுக்கென்ன, நிப்பேன்" என்றார் அவர். நிற்பதில்தான் அவருக்கு அனுபவம் உண்டே.

6

மலைக்கு வந்ததும் ஐயர் வீட்டுக்குப் போனோம். பழனி வாசலோடு நிற்கப் பார்த்தார், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். ஐயரிடம் எதையும் மறைக்கவில்லை. பிள்ளை இந்தச் சபையில்தான் வேண்டும் என்கிறாள், தகப்பனார் முழுக்குத்தான் ஞானஸ்நானம் என்கிறார், தகப்பனார் வராவிட்டால் பிள்ளையும் வரமாட்டேன் என்கிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

ஐயர் எழுந்து போய் ஆராதனை முறைப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கம் புரட்டினார். பிறகு அதைப் பழனியின் கையில் கொடுத்தார். முழுக்கலாம், அல்லது தண்ணீர் ஊற்றலாம் என்று அதில் அச்சடித்தே இருந்தது. முழுக்குத்தான் முதலில் இருந்தது.

"புஸ்தகத்துலயே இருக்குதுங்களா?" என்றார் பழனி. எங்கள் சபைப் புத்தகத்தை அவர் கையில் வாங்கியது அதுவே முதல் தடவை. அந்த வரியில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"அப்பறம் ஏனுங்க யாரும் பண்றதில்ல?"

"குளிரு" என்றார் ஐயர். "இந்த மலையில கைக்குழந்தையை முழுக்குனா என்ன ஆவும்? அதனால ஊத்துனாங்க, அப்புறம் தெளிச்சாங்க. அப்படியே பழகிப் போச்சு. வேதத்துக்கு ரெண்டும் விரோதம் இல்லங்க."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இத்தனை வருடம் நடந்த சண்டைக்குப் பாதிக் காரணம் பள்ளிவாசல் குளிர் என்று யாருக்குத் தெரியும்? பழனியும் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் மலையில் தண்ணீருக்குக் குறைவே இல்லை, ஆனால் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு டிபார்ட்மென்ட் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கத்து ஓடையெல்லாம் மின்சாரத்துக்குப் போகிற தண்ணீர், இறங்கக் கூடாது என்று போர்டு. காட்டுக்குள் ஓடும் ஆறு வனத்துறைக்கு. மேலே இருக்கும் ஊற்று பஞ்சாயத்துக் குடிநீர், அங்கே போய் 'அபேட்ச' என்கிற மனு கொடுத்தால் ஞானஸ்நானம் எந்த வகுப்பில் வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. விழா என்று போடவா, குளியல் என்று போடவா என்று அந்த ஊழியர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

வழி சொன்னது என் தம்பி சகாயம். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் காந்தலூரில் பூண்டும் முட்டைக்கோஸும் போடுகிறவன்.

"யக்கா, நம்ம படுதாக்குளம் கெடக்கே! அதுக்கு போர்டும் கிடையாது, டிபார்ட்மென்டும் கிடையாது. நான்தான் டிபார்ட்மென்ட்."

இடுக்கிப் பக்கம் தோட்டக்காரர்கள் குழி வெட்டி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் படுதாவை விரித்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். அதுதான் படுதாக்குளம். நீல நிறத்தில் ஒரு பெரிய தட்டு மாதிரி இருக்கும். காந்தலூரில் உள்ள சின்னச் சபையும் நம் ஐயருடையதுதான். அங்கே ஆராதனை, குளத்தில் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் ஐயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் இதுவரை ஒருவரையும் முழுக்கியதில்லை. நீச்சலும் தெரியாது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அய்யா. நான் சொல்லித் தாரேன்" என்றார் பழனி. சித்தூர் ஆற்றில் எத்தனையோ முழுக்குக்குக் கூட நின்று கைகொடுத்தவர் அவர். சகாயத்தின் வீட்டு முற்றத்தில் ஒரு பூண்டு மூட்டையை நிமிர்த்தி வைத்தார். "ஒரு கை முதுகுல, ஒரு கை நெஞ்சுக்கு நேரா. மல்லாக்கச் சாய்க்கோணும். பயந்து பாதில நிறுத்தப்படாது."

அன்று மாலை முழுக்க ஐயர் அந்தப் பூண்டு மூட்டைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். நாமத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் மூட்டை சபையில் சேர்ந்துவிடும் என்று சகாயம் எச்சரித்திருந்தான்.

7

அந்த ஞாயிறு நல்ல வெயில். பள்ளிவாசலிலிருந்து சபையார் ஜீப்புகளில் பாடிக்கொண்டே வந்து இறங்கினார்கள். சித்தூரிலிருந்து ஆறுச்சாமி அண்ணன் ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்திருந்தார். ஆராதனை நடக்கும்போது வழக்கம்போலக் கோயிலுக்கு வெளியே, மரத்தடியில். பழனி உள்ளே, ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜெபம் முடிந்து எல்லாரும் கீர்த்தனை பாடிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தோம். குளத்தைச் சுற்றி வரப்பில் நின்றோம். செருப்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான், யாரும் சொல்லாமலே. அண்ணனும் பின்னாலேயே வந்து, நிற்க இடம் தேடினார். கோயில் என்றால் வெளிவாசல் உண்டு. குளத்துக்கு ஏது? நாலு பக்கமும் ஜனம். வேறு வழியில்லாமல் எங்களோடு வரப்பில் வந்து நின்றார்.

ஐயர் ஜெபித்துவிட்டு முதலில் இறங்கினார். படுதா என்றால் பாசி பிடித்த பிளாஸ்டிக். முதல் அடி வைத்தார், இரண்டாவது அடி வைப்பதற்குள் ஆளைக் காணோம். அங்கி மட்டும் குடை மாதிரி விரிந்து மிதந்தது. பெண்கள் "ஆண்டவரே!" என்று கத்தினார்கள். பழனி வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் குதித்தார். ஐயரைத் தோளோடு பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்த நிமிடத்தில்தான் சகாயத்தின் மனைவி என் கைபேசியில் அந்தப் படத்தை எடுத்தாள், ஐயர் தலையில் ஒட்டியிருந்த முட்டைக்கோஸ் இலையோடு.

ஐயர் கண்ணாடியைச் சரிசெய்தார். "எனக்கு மறு ஞானஸ்நானம் ஆயிருச்சே, மேலிடத்துல என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

சபை மூப்பர் ஒருவர் வரப்பிலிருந்து, "நாமம் சொல்லலையே ஐயா! அது செல்லாது!" என்று குரல் கொடுத்தார். காந்தலூர் மலையே சிரித்தது. உபதேசம் இவ்வளவு சுலபமாகப் புரிந்து நான் பார்த்ததில்லை.

வள்ளி வெள்ளைச் சுடிதாரில் இறங்கினாள். "குளிருதா கண்ணு?" என்றார் பழனி. "நம்ம நியூசிலாந்து ஏரியை விடச் சூடுப்பா" என்றாள். பழனி கரை ஏற விரும்பினாலும் ஐயர் விடவில்லை, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெளியே நின்றுகொள்கிறேன் என்று சொன்ன மனிதர் நெஞ்சளவுத் தண்ணீரில், மகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

ஐயர் அவளிடம் கேட்டார், நீயாகவே விசுவாசிக்கிறாயா என்று. "விசுவாசிக்கிறேன்" என்றாள். பழனி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஐயர் பெயர் கேட்டார். ஞானஸ்நானத்துக்கு வேதத்துப் பெயர் ஒன்று வைத்துவிட வேண்டும் என்று என் சொந்தக்காரர்கள் ஒரு வாரமாக ரெபெக்கா, ரெபெக்கா என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி யாரையும் பார்க்கவில்லை.

"வள்ளியம்மாள்" என்றாள் உரக்க.

வரப்பில் அண்ணன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய அம்மாவின் பெயர் அல்லவா.

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று ஐயர் சொல்லச் சொல்ல, ஐயர் கை முதுகிலும் அப்பா கை தோளிலுமாக அவள் மல்லாந்து உள்ளே போய், தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தாள். பூண்டு மூட்டைப் பயிற்சி வீண் போகவில்லை. ஐயர் எங்கள் பக்கம் திரும்பினார். குளிரில் பல் கிடுகிடுக்கக் கேட்டார்:

"இந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளர, நீங்கள் எல்லாரும் துணை செய்வீர்களா?"

"செய்வோம்" என்றோம் சபையாராக. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, தனியாக, ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"செய்வோமுங்க!"

ஆறுச்சாமி அண்ணன். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லையே என்பதுபோல அவர் எங்களைப் பார்த்தார். வள்ளி தண்ணீருக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

8

ஒரு வருடம் ஓடிவிட்டது. நாங்கள் இன்னும் அதே சோபாக் கடைச் சபைக்குத்தான் போகிறோம். இங்கேயும் சபையார் பதில் சொல்ல வேண்டும் என்று வள்ளி அந்தப் பாஸ்டரிடம் கேட்டாள். அருமையான யோசனை என்றார், இன்னும் நடக்கவில்லை. பழனி எங்கள் புத்தகத்திலிருந்து சில ஜெபங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார், நான் பார்க்காத நேரத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டு என் வார்த்தையில் ஜெபித்துப் பார்த்தேன். பாதியில் வார்த்தை தீர்ந்து விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டேன்.

வள்ளிக்கு இப்போது பதினேழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை எழுப்புவது அவ்வளவு லேசில்லை. நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன், அவரும் கெஞ்சிப் பார்த்தார். ஆனால் எங்கள் ஞாயிறு விடியும்போது சித்தூரில் இன்னும் சனிக்கிழமைதான். அண்ணன் படுக்கப் போகுமுன் ஒரு குரல் செய்தி அனுப்புவார், ஒரு வாரம் தவறியதில்லை. நாங்கள் கண் விழிக்கும்போது அது வந்து காத்திருக்கும். அண்ணன் இன்னும் அவருடைய முருகன் கோயிலுக்குத்தான் போகிறார், எங்கள் கோயிலுக்குள் இன்றைக்கும் வரவில்லை. போன வாரமும் வள்ளி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் போனை வைத்து அழுத்தினேன்.

"சாமி, பெரியப்பன் பேசறேன். நாளைக்கு உங்களுக்கு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்கு மறக்காமப் போகோணும். அத்தன பேர்த்துக்கு முன்னால செய்வோமுன்னு நான் வாக்குக் குடுத்துப்போட்டேன். நீ போகலீன்னா உங்க சாமி என்னையத்தான் கேக்கும்."

வள்ளி போர்வைக்குள்ளிருந்து முனகினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலேயே போனை வாங்கிப் பதில் அனுப்பினாள்.

"போறேனுங்க பெரியப்பா."